அபினிப் போரைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

முதல் அபினிப் போரைக் ‘கிழக்கிந்தியக் கம்பெனி சீனாவோடு நடத்திய போர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நடத்தியது பிரிட்டிஷ் அரசு. மற்ற பிழைகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. சீன வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் 1834-லேயே முடிந்துவிட்டது; போர் மூண்டது 1839-இல். அதற்கு முன்பும் கம்பெனி தன் கப்பல்களில் சீனாவுக்கு அபினி ஏற்றுவதைத் தவிர்த்தே வந்தது. பாட்னா, காசிப் பகுதிகளில் விளைந்ததைக் கல்கத்தாவில் ஏலம் விடும். தனியார் வணிகர்கள் அதை வாங்கிப்போய், தென்சீனத் துறைமுகமான கான்டனுக்குப் போகும் வழியில் லிண்டின் தீவருகே நின்ற கப்பல்களிலிருந்து கடத்தல்காரர்களுக்கு விற்பார்கள்; சீனாவில் அபினிக்குத் தடை இருந்தது. வந்த வெள்ளியைக் கான்டனில் கம்பெனியிடம் கட்டி, லண்டனில் பணமாக மாற்றிக்கொள்ளும் உண்டியல் (பணம் தரச்சொல்லும் சீட்டு) வாங்கிக்கொள்வார்கள். அந்த வெள்ளியில் கம்பெனி தேயிலை வாங்கும். இந்தச் சுற்றை விட்டுவிட்டால் சண்டையின் காரணமே பிடிபடாது.

அபினியை ஒடுக்கச் சீனப் பேரரசர் கான்டனுக்கு அனுப்பிய ஆணையர் லின் செசு, பிடிபட்ட அபினியை ‘எரித்தார்’ என்பதும் தவறு. எரித்தால் அபினி உருகி மண்ணில் இறங்கும். தோண்டி எடுத்து மீண்டும் விற்கலாம். அதனால்தான் 1839 ஜூனில் கான்டனருகே உள்ள ஹூமெனில் குழிகள் வெட்டி, உப்புநீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு கொட்டிக் கரைத்துக் கடலில் விட்டார்கள்.

அப்படி அழித்த 20,283 பெட்டி அபினியை லின் நேரே வணிகர்களிடம் பறித்ததாகச் சொல்வது இன்னும் பெரிய பிழை. அந்நியர்களைப் பண்டகசாலைகளில் அடைத்து நெருக்கியவர் அவர்தான். ஆனால் பெட்டிகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி வணிகர்களுக்கு உத்தரவிட்டவர் பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் எலியட். அரசின் பெயரில் பொறுப்பேற்று வாங்கி, பிறகே லின்னிடம் கொடுத்தார். தனியாரின் நட்டம் அந்தக் கணத்தில் பிரிட்டிஷ் அரசின் கடனாக மாறியது.

பிரிட்டன் முழுவதும் போரை ஆதரித்ததா? 1840 ஏப்ரலில் அரசைக் கண்டித்து வந்த தீர்மானம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் 9 வாக்கு வித்தியாசத்தில்தான் தோற்றது. போரிட்டவர்களும் ஆங்கிலேயர் மட்டுமல்லர். 37ஆவது மெட்ராஸ் காலாட்படையும் 1841-இல் கான்டனருகே களத்தில் நின்றது.

போரை முடித்த 1842 நான்கிங் உடன்படிக்கையின்படி சீனா கட்டவேண்டிய 2.1 கோடி டாலரை அமெரிக்க டாலராகக் கணக்கிடாதீர்கள்; அது வெள்ளி நாணயம். அழிந்த அபினிக்கு 60 லட்சம், ஹாங் வணிகர்களின் (அந்நியரோடு வணிகம் செய்ய அரசு உரிமம் பெற்ற சீனர்களின்) கடனுக்கு 30 லட்சம், போர்ச் செலவுக்கு 1.2 கோடி என்று பிரித்துக் காட்டுங்கள். பிரிட்டன் பெற்ற நிலமும் ஹாங்காங் தீவு மட்டுமே. எதிரே உள்ள கௌலூன் 1860-இல்தான் கைமாறியது.

அந்த உடன்படிக்கை அபினி வணிகத்தைச் சட்டபூர்வமாக்கவில்லை. அழிந்த சரக்குக்கு விலை வாங்கிக்கொண்டு, இனி வரும் சரக்கைப் பற்றி வாய் திறக்காமல் விட்டது. பிக்குலுக்கு, அதாவது ஏறக்குறைய 60 கிலோவுக்கு, 30 டேல் (சீன எடை அளவு) வெள்ளி வரி கட்டி அபினியை இறக்கலாம் என்றானது 1858-இல், இரண்டாம் போரின் நடுவே.