கூட்டாளிங்களோட மரதன் ஓடணும், நம்ம டைமையும் பிடிக்கணும்: மலைநாட்டுல இருந்து முதல் தடவை ஓடுறவங்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை பக்கமெல்லாம் இப்ப காலையில ஓடுற ஆளுங்கள அடிக்கடி பாக்க முடியுது, ரொம்ப சந்தோசமா இருக்கு. அவங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து மரதன் ஓடப் போறோம், ஆனா எனக்கு நாலரை மணித்தியாலத்துக்குள்ள முடிக்கணும்னு ஆசை, கூட்டாளிங்கள விட்டுட்டுப் போனா மனசு கேக்காது, கூடவே போனா டைம் போயிரும், என்ன செய்ய?"

ரெண்டும் நடக்கும்ங்க. பழகுறது எல்லாம் சேர்ந்தே பழகலாம், ரேஸ்ல எந்த எடத்துல பிரியிறோம்ங்கிறத மட்டும் முன்கூட்டியே பேசி முடிச்சிரணும், அவ்வளவுதான். அத எப்படி செய்றதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

1. மொதல்ல எவ்வளவு காலம் வேணும்னு பாருங்க

மரதன்னா 42.195 கிலோமீற்றர். இப்ப நிக்காம 10 கிலோமீற்றர் ஓட முடியும்னா 16 லருந்து 20 வாரம் போதும். இன்னும் 2 கிலோமீற்றருக்கே மூச்சு வாங்குதுன்னா அவசரப்படாதீங்க, ஒரு வருசம் எடுத்துக்கோங்க, நடுவுல ஒரு அரை மரதன் ஓடிப் பாருங்க. பிரசர், சீனி இருக்கிறவங்க, நெஞ்சு வலி வந்தவங்க, நாப்பது தாண்டி புதுசா ஆரம்பிக்கிறவங்க டொக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிக்கணும், இதுல விட்டுக்கொடுப்பே இல்ல.

ரேஸ் திகதிய வச்சு பின்னோக்கி எண்ணும்போது மழையையும் சேர்த்து எண்ணுங்க. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே லருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை, பதுளை, பண்டாரவளை பக்கம் வருசக் கடைசியிலயும் ஜனவரியிலயும்தான் கூடுதலா கொட்டும். பெரிய ஓட்டம் எல்லாம் அந்த மாசத்துல வந்து விழாம இருந்தா நல்லது. மண்சரிவு எச்சரிக்கை குடுத்திருக்கிற அன்னைக்கு மலை ரோட்டுல ஓடவே வேணாம், திட்டம் ஒரு வாரம் பிந்துனா ஒண்ணும் கெட்டுப்போகாது.

2. டைமை கணக்குப் போட்டு முடிவு பண்ணுங்க

ஆசைக்கு ஒரு நம்பர் சொல்றது வேற, உடம்பு தாங்குற நம்பர் வேற. ஒரு அரை மரதன் முழு வேகத்துல ஓடுங்க, அந்த நேரத்தை 2.085 ஆல பெருக்குங்க, மரதனுக்கு உத்தேசமான டைம் வரும். பீட் ரீகல்ங்கிற அமெரிக்க எஞ்சினியர் போட்ட கணக்கு இது, உலகம் பூரா பாவிக்கிறாங்க. ஆனா முதல் மரதன் ஓடுறவங்களுக்கு இது கொஞ்சம் தாராளமான கணக்கு, அதனால வர்ற விடையோட இன்னும் பத்து நிமிசம் கூட்டிக்கோங்க. அரை மரதன் 2 மணி 5 நிமிசம்னா பெருக்கினா 4 மணி 20 நிமிசம் கிட்ட வரும், பத்து கூட்டினா நாலரை மணித்தியாலம்.

நாலரைன்னா கிலோமீற்றருக்கு 6 நிமிசம் 24 செக்கன். ஆனா 6:24 ல ஓடுனா வராது! ஏன்னா பாதையை அளக்கிறவங்க வளைவு எல்லாத்துலயும் உள்ளோரமா, ஆகக் குறைஞ்ச தூரத்துலதான் அளப்பாங்க, நாம கூட்டத்துல ஆள சுத்தி, வளைவுல வெளிப்பக்கமா போயி, தண்ணி மேசைக்கு ஒதுங்கி எப்படியும் கூடத்தான் ஓடுவோம், கடைசியில வோட்ச்ல 42.5 ன்னு கூட காட்டும். அதனால 6:20 ன்னு வச்சு பழகுங்க. 10 கிலோமீற்றர் 63 நிமிசம் 20 செக்கன், 30 கிலோமீற்றர் 3 மணி 10 நிமிசம். இந்த ரெண்டு நம்பரையும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, ரேஸ்ல மூளை கணக்குப் போடாது.

குரூப்ல ஒவ்வொருத்தரும் தன்னோட நம்பரை வாய்விட்டு சொல்லணும். "சும்மா முடிச்சா போதும்"ங்கிறதும் ஒரு நம்பர்தான், அதுல கொறைவு ஒண்ணும் இல்ல.

3. வாரத்துக்கு நாலு நாள்

ரெண்டு நாள் மெதுவா, ஒரு நாள் வேகமா, ஒரு நாள் லோங் ரன், அதாவது அந்த வாரத்துல ஆகக் கூடின தூரம் ஓடுறது. மெதுவான்னா கதைச்சிக்கிட்டே ஓடணும், முழு வசனமா பேச முடியலைன்னா வேகம் கூடுதல். இங்கதான் கூட்டாளிங்க பெரிய உதவி, கதை இருந்தாலே வேகம் தானா அடங்கிரும். லோங் ரன்னை 12 கிலோமீற்றர்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு கிலோமீற்றர் கூட்டுங்க, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா கொறைச்சு ஓடி உடம்புக்கு ஓய்வு குடுங்க. 30, 32 வரைக்கும் போனா போதும், 42 பழக்கத்துல ஓடத் தேவையில்ல. அந்த ஆகப் பெரிய ஓட்டம் ரேசுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி முடிஞ்சிரணும், அப்புறம் தூரத்தை கொறைச்சிட்டே வரணும்.

தோட்டத்துல வேலை செய்றவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். நாள் பூரா கூடையோட மலை ஏறி எறங்கி கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு கால்ல இருக்கிற பலம் டவுன்ல ஒபிஸ்ல ஒக்காந்திருக்கிறவங்களுக்கு கிடையாது. ஆனா அந்த வேலையும் உடம்புக்கு ஒரு ஓட்டம் மாதிரிதான் கணக்கு. வேலை கடுமையா இருந்த நாள் சாயங்காலம் வேக ஓட்டம் வேணாம், அத மறுநாளுக்குத் தள்ளுங்க, குரூப்ல இருக்கிற மத்தவங்களும் அத மதிக்கணும்.

4. மலையில வோட்சை பாத்து ஓடாதீங்க

இது நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். இணையத்துல கெடைக்கிற திட்டம் எல்லாம் சமதரைக்கு எழுதினது. நானுஓயா ஸ்டேசன்ல இருந்து நுவரெலியாவுக்கு ஏறிப் பாருங்க, அங்க 6:20 க்கு முயற்சி பண்ணுனா ரெண்டாவது கிலோமீற்றர்லயே நெஞ்சு வெடிக்கும். ஏத்தத்துல அடியை சின்னதாக்குங்க, பார்வை நாலஞ்சு மீற்றர் முன்னாடி இருக்கட்டும், இடுப்புல மடியாம முழு உடம்பும் லேசா முன்னால சாயணும், கை ஆட்டம் நிக்கக்கூடாது. வேகம் 8 நிமிசம் ஆனாலும் பரவால்ல, மூச்சு ஒரே அளவா இருக்கா, அத மட்டும் பாருங்க.

எறக்கம்தான் ஆபத்து. ஹட்டன்ல இருந்து டிக்கோயா பக்கம் எறங்கும்போது சும்மா பறக்கிற மாதிரி சுகமா இருக்கும், ஆனா ஒவ்வொரு அடியிலயும் தொடை தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்குது, அதுலதான் தசை கிழியும், வலி ரெண்டாம் நாள்தான் முழுசா தெரியும். குதிகாலை முன்னால நீட்டி ஊனாதீங்க, சின்ன அடியா, வேகமா மாத்தி மாத்தி வைங்க. வாரத்துல ஒரு தடவை கொஞ்ச தூரம் எறக்கம் பழகுனா தொடை தாங்கிக்கும்.

அப்ப ரேஸ் வேகத்தை எங்க பழகுறது? சமதரை தேடிப் போகணும். நுவரெலியாவுல கிரகரி ஏரிக்கரை இருக்கு, காசல்ரீ நீர்த்தேக்க ஓரத்து ரோட்டுல பெரிய ஏத்தம் எறக்கம் இல்லாத துண்டுகள் இருக்கு, இல்லைன்னா பக்கத்துல 400 மீற்றர் கிரவுண்ட் எதுனா இருந்தா 25 சுத்துனா 10 கிலோமீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர் ஒசரம், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல 80 வீதம்தான். அதனால அதே 6:20 அங்க கஷ்டமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க.

கொழும்பு மாதிரி எடத்துல ரேஸ்னா மூச்சு லேசாகும், ஆனா புழுக்கம் அத விட கூடுதலா புடுங்கிக்கும். குளிர்ல பழகுன உடம்பு சூட்டுக்குப் பழக பத்துலருந்து பதினாலு நாள் வேணும், வேலைவெட்டி இருக்கிறவங்க அத்தனை நாள் லீவு போட முடியாது. அதனால மூணு நம்பர் வச்சிக்கோங்க. வானம் மூடி காத்தும் இருந்தா 4:30, சாதாரணமா 4:45, வெயில் ஏறி அடிச்சா நல்லபடியா முடிக்கிறது.

5. லோங் ரன்னை சேர்ந்து ஓடுற வழி

வேகம் வேற வேறயா இருக்கிறவங்க எப்படி ஒண்ணா ஓடுறது? தூரத்தை விடுங்க, நேரத்தை வைங்க. எல்லாரும் ஒரே எடத்துல ஒண்ணா கெளம்புங்க, அவங்கவங்க வேகத்துல போங்க, 75 நிமிசம் ஆனதும் எங்க இருக்கீங்களோ அங்கயே திரும்புங்க. வேகமானவரு கூடத் தூரம் போயிருப்பாரு, மெதுவானவரு கொறைய போயிருப்பாரு, ஆனா கெளம்புன எடத்துக்கு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்து சேர்வீங்க. திரும்பி வரும்போது முன்னால போறவரை பிடிக்கணும்னு ஒரு உற்சாகமும் வரும். மலையில ஒரு திருத்தம் மட்டும் செஞ்சிக்கோங்க, போகும்போது ஏத்தமும் வரும்போது எறக்கமும் இருக்கிற பக்கமா பாருங்க, மாறி வச்சா களைச்சுப் போனவருக்கு கடைசியில ஏத்தம், பாவம், வந்து சேர நேரமாகும்.

வெளிச்சம் வர முன்னாடி கெளம்புனா டோர்ச் கட்டாயம். வாகனம் எதிர்ல வர்ற மாதிரி ரோட்டோட வலப்பக்கம் ஓடுங்க, எதிர்ல வர்றது தெரியாத கொண்டை ஊசி வளைவுல மட்டும் வெளிப்பக்கத்துக்கு மாறுங்க, பஸ் அந்த வளைவை ஒடிச்சுத் திரும்பும்போது உள்பக்கம் எடமே இருக்காது. மூடுபனி எறங்குனா வெள்ளை டீசேர்ட் கண்ணுக்குத் தெரியாது, செம்மஞ்சள் இல்லைன்னா பளிச்சுன்னு பச்சை போடுங்க. லயன் பக்கம் நாய் வந்தா ஓடாம நில்லுங்க, மெதுவா நடந்து தாண்டுங்க. தங்கச்சிமாரு ஓடுறதா இருந்தா தனியா விடாம ரெண்டு ரெண்டு பேரா போற மாதிரி பாத்துக்கோங்க. மழை நாள்ல புல்லுப் பக்கம் போனா அட்டை ஏறும், சொக்ஸை இழுத்து விட்டு சவர்க்காரம் தடவிக்கோங்க.

6. சாப்பாடு, தண்ணி

உடம்புல சேத்து வச்சிருக்கிற மாச்சத்து 30 கிலோமீற்றர் கிட்ட முடிஞ்சிரும், அப்பதான் கால் ரெண்டும் கல்லாகுற மாதிரி ஒரு நெலம வரும். அதனால பசிக்க முன்னாடியே, அரை மணித்தியாலம் ஓடுனதுமே சாப்பிட ஆரம்பிக்கணும், மணித்தியாலத்துக்கு 30 லருந்து 60 கிராம் மாச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்துல 25 கிராம் கிட்ட இருக்கு. கித்துள் கருப்பட்டியை சின்னத் துண்டா வெட்டி சுத்தி வச்சிக்கிட்டா சட்டைப்பைக்குள்ளயே கெடக்கும், ஓடும்போது சாப்பிடுறதுக்குன்னு விக்கிற விலை கூடுன இனிப்பு ஜெல் இல்லைன்னு கவலையே வேணாம். வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற ஜீவனி பவுடர் உப்புக்கு நல்லது, பக்கெட்ல போட்டிருக்கிற அளவு தண்ணியில கரைங்க, ஆனா அதுல சீனி கம்மி, அதை மட்டும் நம்பி ஓடாதீங்க. தண்ணி தாகத்துக்குக் குடிங்க, பயத்துல லீற்றர் கணக்கா குடிச்சா ரத்தத்துல உப்பு கொறைஞ்சு மயக்கம் வலிப்பு வரைக்கும் போகும்.

எதுவா இருந்தாலும் லோங் ரன்ல சாப்பிட்டுப் பாத்தத மட்டும்தான் ரேஸ்ல சாப்பிடணும். சப்பாத்துக்கும் இதேதான். வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடாதீங்க, கிட்னிக்கு கூடாது.

7. பிரியிற எடத்தைப் பேசுங்க

ரேசுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாரும் ப்ளேன்டீ குடிச்சிக்கிட்டு ஒக்காந்து இத பேசி முடிங்க. வட்ஸ்அப்ல வேணாம், நேர்ல பேசுங்க, அங்கதான் ஒருத்தரோட மனசு தெரியும்.

முதல் 5 கிலோமீற்றர் எல்லாரும் சேர்ந்து போகலாம், ஆனா மெதுவான ஆளோட வேகத்துலதான் போகணும், அவரை இழுத்துட்டுப் போகக்கூடாது. வேகமானவருக்கு இதுல நட்டம் கொஞ்சம்தான், ஆரம்பத்துல அடங்கி ஓடுனதால கடைசியில அது திரும்பி வரும். ஆனா கிலோமீற்றருக்கு கால் நிமிசத்துக்கு மேல வித்தியாசம்னா ஸ்டார்ட்லயே கை குடுத்துட்டுப் பிரிஞ்சிருங்க. கிட்டத்தட்ட ஒரே நம்பர் உள்ளவங்க 30 வரைக்கும் ஒண்ணாப் போங்க, அங்க யாருக்கு கால்ல மிச்சம் இருக்கோ அவரு போகட்டும். "போயிட்டு வாரேன் மச்சான்"னா "போ மச்சான்"னு சொல்லணும், அந்த ஒரு வார்த்தையில எந்தக் கோவமும் மிஞ்சாது.

எப்ப நிக்கணும்ங்கிறதையும் பேசுங்க. கெண்டைக்கால் பிடிப்பு, கொப்புளம்னா மத்தவரு நிக்கத் தேவையில்ல. நெஞ்சு வலி, தலை சுத்து, பேச்சு கொழர்றது, சூட்டுல வேர்வை நின்னு போறதுன்னா டைமை மறந்துட்டு நிக்கணும், ஆள் வர்ற வரைக்கும் கூட இருக்கணும், அதுல வேற பேச்சே கெடையாது.

யாராவது ஒருத்தருக்கு தன்னோட டைம் முக்கியமில்லைன்னா அவரு இன்னொருத்தருக்கு வேகம் பிடிச்சுக் குடுக்கலாம். 2019 ல வியன்னாவுல கென்யா வீரர் எலியூட் கிப்சோகே மரதன் தூரத்தை 1:59:40 ல ஓடுனப்ப அவரைச் சுத்தி மாறி மாறி ஓடுனவங்க 41 பேர். அப்படி மாறி மாறி ஆள் வந்ததாலயே அது உலக சாதனையில சேரல, ஆனா கூட ஓடுற ஆள் எவ்வளவு பெரிய பலம்னு அதுல தெரிஞ்சிச்சு.

8. ரேஸ் அன்னைக்கு

முதல் 5 ஐ 6:30, 6:35 ல விடுங்க, எல்லாரும் தாண்டிப் போவாங்க, போகட்டும். அப்புறம் 6:20 க்கு வந்து நில்லுங்க. 30 ல 3:10, 3:11 ன்னு இருந்தீங்கன்னா நாலரை உங்க கையில, முடிஞ்சா அங்கயிருந்து கொஞ்சம் கூட்டுங்க. 3:14 ஐ தாண்டியிருந்தா இரண்டாவது நம்பரை எடுத்துக்கோங்க, அடிச்சுப் பிடிச்சு ஓடி 36 ல விழ வேணாம். சப்பாத்துல கட்ட நேரம் அளக்கிற சிப் குடுத்திருந்தா ஸ்டார்ட் கோட்டைத் தாண்டுன நேரத்துல இருந்துதான் உங்க டைம், துப்பாக்கி சத்தத்துல இருந்து இல்ல, அதனால முன்னால இடிச்சுக்கிட்டு நிக்கவே வேணாம்.

முடிச்சதும் சந்திக்கிற எடத்தை முன்னாடியே குறிச்சு வைங்க, போன் வேலை செய்யும்னு நம்பாதீங்க. முதல்ல முடிச்சவரு காஞ்ச டீசேர்ட் மாத்திக்கிட்டு, எதையாவது சாப்பிட்டுட்டு, கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும், ஆறு மணித்தியாலம் ஆனாலும் சரி.

திரும்பி வரும்போது பஸ்லயோ ரயில்லயோ ஒரே எடத்துல ஒக்காந்தே வராம, எடம் கெடச்சா மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நில்லுங்க. மறுநாள் ஏத்தம் ஏறலாம், எறக்கம்தான் உயிர் போகும், படியில பக்கவாட்டா எறங்குங்க. ஒரு வாரம் நடை மட்டும் போதும், அதுக்கப்புறம் அதே குரூப்போட மெதுவா ஒரு 4 கிலோமீற்றர் ஓடிப் பாருங்க.