உடுக்கின் அடியை அனலொக் சிந்தசைசரில் எடுப்பது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஓர் அம்மன் கோவில் இருக்கிறது. சடங்குக் காலத்தில் மாமா அங்கே உடுக்கு அடிப்பார். விரல் தோலில் பட்டதும், பிடித்திருக்கும் கை கயிற்றை அழுத்தும். சுருதி மேலேறும், பிடி தளர்ந்ததும் இறங்கும். அந்த ஒலியை, மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் அனலொக் சிந்தசைசரில் எடுக்க முயன்றபோதுதான் தாள ஒலியின் உயிர் டிகேய் குமிழில் இருப்பதைக் கண்டேன்.

உச்சத்தைத் தொட்ட ஒலி அடங்க எடுக்கும் நேரமே டிகேய். அனலொக் கருவிக்குள் மின்தேக்கி ஒன்று தன் மின்னேற்றத்தை ஒரு தடையின் வழியே இழக்கிறது. 100 கிலோ ஓம் தடை, 1 மைக்ரோ ஃபரட் மின்தேக்கி என்றால் 0.1 செக்கனில் மின்னழுத்தம் 37 சதவீதமாகிவிடும். மீதி மெதுவாக வடியும். அடிபட்ட தோலும் ஏறக்குறைய இப்படித்தான் அடங்குகிறது.

இரண்டு என்வலப் (ஒலி ஏறி இறங்கும் வடிவத்தை அமைக்கும் பகுதி) உள்ள கருவியை எடுங்கள். ஒன்று ஒலியளவுக்கு, மற்றது சுருதிக்கு. ஒலியளவு என்வலப்பில் அட்டாக் (உச்சத்தை எட்டும் நேரம்), சஸ்டெயின் (கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) இரண்டையும் 0இல் வையுங்கள். ரிலீஸ் (விரலை எடுத்தபின் ஒலி அடங்கும் நேரம்), டிகேயின் அளவிலேயே நிற்கட்டும். இதைத் தவறவிட வேண்டாம்: கட்டையிலிருந்து விரலை எடுத்த கணமே ரிலீஸ் வேலை செய்யத் தொடங்கும், அது 0இல் இருந்தால் அடி பாதியில் அறுந்துவிடும்.

முதலில் பேஸ் டிரம். முக்கோண அலையை 50 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறக்குங்கள். ஒலியளவின் டிகேய் 300 மில்லி செக்கன். சுருதி என்வலப் இரண்டு ஒக்டேவ் (ஸ்தாயி) மேலிருந்து விழட்டும். அதன் டிகேயை 40 மில்லி செக்கனில் வைத்தால் ‘தும்’ என்று நெஞ்சில் இடிக்கும். அதையே 150 ஆக்கிப் பாருங்கள்: ‘டியூம்’ என்று வழுக்கும். ஒலியளவு மாறவில்லை, சுருதி விழும் வேகம் மட்டுமே மாறியது. பலர் முதல் டிகேயையே திருகித் திருகிக் களைத்துப்போகிறார்கள். தேடுவது இரண்டாவதில் இருக்கிறது. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தின் பேஸ் டிரமுக்கும் தனி டிகேய் குமிழ் உண்டு. முழுவதும் திருப்பினால் அடி நீண்ட சுரமாக முழங்கும்.

உடுக்குக்கு, அலையை உருவாக்கும் ஒசிலேட்டரை 200 ஹேர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். இங்கே சுருதி விழுந்தால் போதாது, முதலில் ஏற வேண்டும். ஆகவே சுருதி என்வலப்பில் மட்டும் அட்டாக் 40 மில்லி செக்கன். ஏற்றம் ஐந்து அரைச்சுரங்களுக்கு மேல் வேண்டாம். அதன் டிகேயை 120இல் வைத்து மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“கயிற்றை விடப் பிந்துகிறாய், மருமகன்.”

80க்குக் குறைத்தேன். மேசை விளிம்பில் அவருடைய விரல்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டன.

சிங்சா (கைத்தாளம்) போன்ற கூர்மையான ஒலிக்கு ஒசிலேட்டரை நிறுத்தி இரைச்சலைத் திறந்து, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹைபாஸ் பில்டர் வழியே அனுப்புங்கள். 50 மில்லி செக்கன் டிகேய் போதும். நிமிடத்துக்கு 120 அடி ஓட்டத்தில் கால் அடி 125 மில்லி செக்கன். வேகமான கோர்வை என்றால் டிகேய் அதற்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரடியின் வால் அடுத்த அடியின் தலையில் ஏறும்.