எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் போலியா? மடக்கிப் பாருங்கள்

நாகர்கோவில் பக்கம் எவர்சில்வர் பைப்பில் கைப்பிடியும் வாசல் கேட்டும் செய்யும் பட்டறை என்னுடையது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுப்பார். பைப்பின் நேர்ப் பகுதியில் ஒட்டாது, வளைவில் ஒட்டும். "அண்ணாச்சி, 304 போடுறதாத்தானே சொன்னீங்க?" என்பார். 304 என்பது எவர்சில்வரில் ஒரு வகை. வளைவில் மட்டும் ஒட்டுவது அதற்கு இயல்பு. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

பட்டறையில் கேட்டால் ஒரு மில்லிமீட்டர் கனத்தில், விரல் அகலத்துக்கு 304 தகட்டுத் துண்டு கிடைக்கும். பழுதான கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் காந்தம் சின்னது, பலமானது. அதை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் தெரியாத இழுப்பும் நூலில் தெரியும்.

முதலில் துண்டின் நடுவில் காட்டுங்கள். ஏறக்குறைய அசையாது. வெட்டிய ஓரத்தில் லேசாக இழுக்கலாம். வெட்டும்போதே அந்த ஓரம் நசுங்கியிருக்கும். அப்புறம் துண்டை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்துங்கள். மடக்க மடக்க அந்த இடம் இறுகும். நிமிர்த்தினால் பழைய மடிப்பு அப்படியே நிற்க, அதன் பக்கத்து இடம் வளையும். இப்போது காந்தத்தைக் காட்டினால் மடிப்பை நோக்கி இழுபடும்.

304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8. நிக்கலின் தயவில் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் இருக்கும். ஆஸ்டனைட் என்ற இந்த அமைப்பைக் காந்தம் பிடிக்காது. மடக்கும்போது அணு வரிசைகள் சேர்ந்தாற்போல் சரிந்து, மூலைகளிலும் கனசதுரத்தின் உள்ளே நட்ட நடுவிலும் அணு இருக்கும் அமைப்புக்கு மாறுகின்றன. அதுதான் மார்ட்டென்சைட். கடினமானது, காந்தம் பிடிக்கும். தகடு முழுக்க மாறிவிடாது, நசுங்கிய இடத்தில் ஒரு பங்குதான்.

சூடு இந்த மாற்றத்தைத் தடுக்கும். இன்னொரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, குறடால் எடுத்து உடனே மடக்குங்கள்; இழுப்பு குறைவாக இருக்கும். மடக்கிய துண்டைக் கேஸ் டார்ச்சில் ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் பழைய ஆஸ்டனைட் திரும்பும், காந்தமும் விட்டுவிடும். மெல்ல ஆற விடாதீர்கள். 850-லிருந்து 450 டிகிரிக்குள் நேரமானால் துருவைத் தடுக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும். உப்புக்காற்றில் அங்கேதான் துரு தொடங்கும்.

துளை போடுகிறவர்களுக்கு ஒன்று: டிரில் பிட் வெட்டாமல் வெறுமனே உரசினால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு பிட்தான் மழுங்கும். வேகம் குறைவு, அழுத்தம் சீராக, எண்ணெய் தாராளமாக.

சரி, வாங்கும்போது? எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலமாக ஒட்டினால் அது 430 போன்ற நிக்கல் இல்லாத வகையாக இருக்கலாம். வெல்டிங் தையலில் கொஞ்சம் ஒட்டுவது குற்றமில்லை. மாங்கனீசு கூடிய 202-உம் நேர்ப் பகுதியில் ஒட்டாது, அதனால் 202-ஐயும் 304-ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது. குளச்சல், முட்டம் போலக் கடலோர வீடுகளுக்கு நான் 316-தான் சொல்வேன். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், நிக்கலும் 10 சதவீதத்துக்கு மேல். மடக்கினாலும் இழுப்பு மிகக் குறைவு. 316 என்று வாங்கிய துண்டு 304 போலவே இழுத்தால், பணம் கொடுக்குமுன் மில் சர்டிபிகேட்டை, அதாவது எந்த உலோகம் எவ்வளவு என்று ஆலை தரும் சான்றைக் கேளுங்கள்.