360 டிகிரி மடியும் அலுவலக லேப்டாப்பை வாங்குமுன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

திரையை முழுவதுமாகப் பின்னால் மடித்து டேப்லெட்டாகவும் பயன்படுத்தக்கூடிய லேப்டாப்புகளைக் கன்வெர்ட்டிபிள் என்றும் 2-இன்-1 என்றும் அழைக்கிறார்கள். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 யோகா, ஹெச்பியின் எலைட்புக் எக்ஸ்360, டெல் லேட்டிடியூட் வரிசையின் 2-இன்-1 வகைகள் ஆகியவை அலுவலகப் பணிக்கென்றே வடிவமைக்கப்பட்ட உயர்விலைக் கருவிகள். இவற்றுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கீலுக்கும் தொடுதிரைக்கும் பேனாவுக்கும் போவதால், மதிப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குவதுதான் முறை; பிராசஸர், ரேம் ஆகியவற்றின் விவரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மூன்றும் உங்கள் வேலைக்குத் தேவைப்படாது என்றால், அதே வரிசையில் கிடைக்கும் சாதாரண லேப்டாப்பே போதும்.

படி 1: கீல்

மூடியை ஒரு விரலால் திறக்க முடிவதைச் சாதாரண லேப்டாப்புகளில் சிறப்பாகச் சொல்வார்கள். மடியும் லேப்டாப்பில் அந்த அளவுகோல் பொருந்தாது. திரையைத் தொடும்போதெல்லாம் அது பின்னோக்கிச் சாயாமல் இருக்க வேண்டுமானால் கீலில் ஓரளவு இறுக்கம் இருந்தே ஆக வேண்டும். வழக்கமான நிலையில் வைத்துத் திரையின் மேல் மூலையை நான்கைந்து முறை தட்டிப் பாருங்கள். ஆட்டம் உடனே அடங்க வேண்டும். பிறகு கூடாரம்போலக் கவிழ்த்து நிறுத்தி, திரையைத் தொடும்போது விளிம்புகள் மேசையில் வழுக்குகின்றனவா என்று கவனியுங்கள். திரையை ஏறத்தாழ 180 டிகிரிக்கு அப்பால் மடித்ததும் கீபோர்டு தானாகவே செயலிழந்து, திரும்பக் கொண்டுவந்ததும் உயிர்பெற வேண்டும். இதைச் சில முறை விரைவாக மாற்றிச் சோதியுங்கள்; திரையின் காட்சி தாமதமாகச் சுழல்வதும், கீபோர்டு விழிக்க மறுப்பதும் அன்றாட வேலையில் மிகுந்த எரிச்சலைத் தரும்.

படி 2: டேப்லெட் நிலையில் எடையும் வெப்பமும்

14 அங்குலத் திரையுள்ள இவ்வகைக் கருவி பொதுவாக 1.3 முதல் 1.5 கிலோ வரை எடையுள்ளது. பையில் சுமக்க இது இலகுவானதே. ஆனால் நின்றபடி ஒரு கையில் ஏந்தி எழுத அவ்வளவு இலகுவானதன்று. ஐந்து நிமிடம் ஏந்திப் பாருங்கள், மணிக்கட்டே தீர்ப்புச் சொல்லிவிடும்.

வெப்பத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். முழுவதும் மடிக்கும்போது அடிப்பாகம் மூடியின் முதுகோடு ஒட்டிக்கொள்வதால், அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் இரண்டுக்கும் நடுவே அடைபட்டுப்போகின்றன. இந்த நிலையில் 15 நிமிடம் ஒரு காணொளிச் சந்திப்பை ஓடவிட்டு, விசிறியின் ஓசை எவ்வளவு உயர்கிறது, பிடித்திருக்கும் இடம் சுடுகிறதா, வேகம் குறைகிறதா என்று பாருங்கள். விற்பனையிடத்து மேசையில் திறந்து வைத்திருக்கும் மாதிரியைத் தொட்டுப் பார்ப்பதால் இது தெரியவராது.

படி 3: பேனா

உடலுக்குள்ளேயே செருகி வைக்கும் மெல்லிய பேனா தொலைந்துபோகாது; ஆனால் நீண்ட நேரம் எழுத முழுப் பருமனுள்ள தனிப் பேனாவே வசதி. எதைத் தேர்ந்தாலும் ஓர் அளவுகோலை வைத்து மூலைவிட்டமாக மிக மெதுவாகக் கோடு இழுங்கள். கோடு அலை அலையாக நெளிந்தால் உங்கள் கையெழுத்தும் அப்படியே வரும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதும்போது தேவையற்ற புள்ளிகள் விழக் கூடாது. பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் திரை 4,096 அழுத்த நிலைகளாகப் பிரித்தறியும் என்ற விளம்பரம் ஓவியருக்குப் பயன்படும். ஆவணத்தில் கையொப்பமிடவும் குறிப்பெழுதவும் அது முக்கியமன்று. வாக்கம் ஏஇஎஸ், மைக்ரோசாஃப்ட் எம்பிபி எனப் பேனா நுட்பங்கள் வேறுபடுவதால், ஏற்கெனவே கையிலிருக்கும் பேனா புதிய திரையில் எழுதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 4: திரை

அகலமும் உயரமும் 16:10 விகிதத்தில் உள்ள திரையில், 16:9 திரையைவிட ஆவணத்தின் வரிகள் கூடுதலாகத் தெரியும். செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தாலும் பக்கம் ஒல்லியாகத் தோன்றாது. தொடுதிரைக் கண்ணாடி பெரும்பாலும் பளபளப்பாக இருப்பதால், சன்னலருகே வைத்துப் படித்துப் பாருங்கள்; 400 நிட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட ஒளிர்வு நல்லது.

படி 5: பேட்டரியும் இணைப்புகளும்

நிறுவனம் சொல்லும் மணிக்கணக்கைவிட, பேட்டரியில் சேமிக்கக்கூடிய மின்னாற்றலைக் குறிக்கும் வாட்-மணி அளவை வைத்து நீங்களே கணக்கிடுவது நம்பகமானது. 57 வாட்-மணி பேட்டரியிலிருந்து உங்கள் வேலை சராசரியாக 8 வாட் எடுத்தால், ஏறத்தாழ 7 மணி நேரம் தாங்கும். தண்டர்போல்ட் 4 இணைப்பு இருந்தால், ஒரே கம்பிவழியே மின்னூட்டமும் வெளித்திரைகளும் கிடைக்கும்.

படி 6: பாதுகாப்பும் பராமரிப்பும்

விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, முகம் அறியும் அகச்சிவப்புக் கேமரா, கேமராவை மூடும் தடுப்பு ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். எம்ஐஎல்-எஸ்டிடி-810ஹெச் என்ற முத்திரையைக் கண்டு மயங்க வேண்டாம். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு, எந்தெந்தச் சோதனைகளைச் செய்வதென்று தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம்.

பல மாதிரிகளில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட வழியில்லாததால், வாங்கும்போதே 16 ஜிபிக்குக் குறையாமல் தேர்ந்தெடுங்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். இறுதியாக, உத்தரவாத விதிகளை வரிவரியாகப் படியுங்கள். தொடுகண்ணாடியும் காட்சிப் பலகையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும் திரைகளில் சிறு விரிசல் விழுந்தாலும் முழுத்திரையையுமே மாற்ற நேரும். ஆகவே, தவறி விழுந்து ஏற்படும் சேதத்தையும் ஏற்கும் காப்புத் திட்டம் இருந்தால் அதையும் சேர்த்தே மொத்த விலையைக் கணக்கிடுங்கள்.