திருகோணமலையில் கயாக் வலிக்க: முதலில் காற்று, பிறகு கரை

திருகோணமலைக்குக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகோடு புதிதாக வருகிறவர்கள் எந்தக் கரை அழகானது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இங்கே இடத்தைத் தீர்மானிப்பது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை நம் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடப்பது உண்மைதான். ஆயினும் அக்காலத்துக் கச்சான் (தென்மேல் காற்று) தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையே தெரியாது. சில நூறு மீற்றர் வெளியே போய்த் திரும்பும்போதுதான் அதன் வலிமை துடுப்பில் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஓர் ஆடி மாதக் காலையில், நிலாவெளியில் 20 நிமிடத்தில் வெளியே போன தூரத்தைத் திரும்பி வலிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அன்றிலிருந்து படகைத் தள்ளுமுன் காய்ந்த மணலை ஒரு பிடி அள்ளி, தோளுயரத்திலிருந்து மெல்ல உதிர்த்துப் பார்க்கிறேன். மணல் காலடியிலேயே விழுந்தால் போகலாம். கடற்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் இடுப்பளவு நீரைத் தாண்டாமல் கரையை ஒட்டியே வலிக்க வேண்டும். தென்னோலைகள் ஓயாமல் கடலை நோக்கிப் படபடத்தால் அன்று இறங்கவே வேண்டாம். எப்படியானாலும் காலை 6 மணிக்கு இறங்கி, வெயில் ஏறிக் காற்று எழுமுன் 9 மணிக்குள் கரையேறிவிடுவது நல்லது.

பழகுவதற்கு ஏற்றவை சாம்பல்தீவுப் பக்கத்துக் களப்பும் இறக்கக்கண்டிக் களப்பும்தான். கண்டல் ஓரமாகப் போகலாம், கவிழ்ந்தாலும் பல இடங்களில் எழுந்து நிற்கலாம். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து நீர் கடலுக்குப் பாயும்போது மட்டும் பாலத்தின் பக்கம் நெருங்கக் கூடாது. அடுத்து உப்புவெளிக் கரையோரம். புறாத்தீவு நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரமே என்றாலும், கச்சானில் அந்த ஒரு கிலோமீற்றரே மிக நீளமானது. அது 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு, அனுமதிச் சீட்டு எடுத்த பின்னரே போக வேண்டும். படகின் அடி பவளப்பாறையில் உரசவே கூடாது. கோணேசர் மலையின் அடிவாரத்தில் அலை பாறையில் மோதித் திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து குத்துவதால், அமைதியான நாளிலும் தள்ளியே நில்லுங்கள். உள்துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருப்பதால் அனுமதியின்றி நுழைய முடியாது. மூதூர்ப் பக்கம் மகாவலி கலக்கும் இடங்களில் முதலை உண்டு. நவம்பர் தொடக்கம் வாடைக்காற்றுக் காலம் முடியும்வரை திறந்த கடலை மறந்துவிடலாம்.

இடத்தைவிட முக்கியமானது, கவிழ்ந்தால் மீண்டும் ஏறத் தெரிவது. மேலே அமரும் வகைக் கயாக்கை முதலில் நிமிர்த்தி, அதன் நடுப்பகுதிக்கு நேராக வந்து, இரு கைகளாலும் எதிர் விளிம்பைப் பிடியுங்கள். கால்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து பலமாக உதைத்தபடி வயிறு இருக்கையின் மேல் படும்வரை உடலை இழுத்து, புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். கால்கள் படகுக்கு அடியில் போய்விட்டால் படகு மறுபடி உங்கள் மேலேயே கவிழும். நெஞ்சளவு நீரில், உயிர்காப்பு அங்கியோடு, துணை ஒருவரை வைத்துக்கொண்டு, களைத்த பிறகும் ஏற முடிகிறவரை பழகுங்கள். இது கைவராமல் ஆழத்துக்குப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அங்கியில் விசில் ஒன்றையும் நீர்புகாப் பையில் கைபேசியையும் குடிநீரையும் கொண்டுபோங்கள். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். நேரம் தவறினால் அவர் பொலிஸ் அவசர எண்ணான 119 ஐ அழைக்கட்டும். முதல் நாளிரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்பையும் பாருங்கள்.

காலையில் கரைவலை இழுப்பார்கள். கரையில் இரு கூட்டமாக ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு மெல்ல ஒருவரை ஒருவர் நெருங்கி வருவதைக் கண்டால், அவர்களுக்கு நேரே கடலில் வலை வளைந்து கிடக்கிறது. கயிற்றுக்கு மேலாகப் போகாமல், மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்கு வரும்வரை காத்திருங்கள். அதற்குள் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அண்ணனிடம் காற்று இன்று எப்போது எழும்பும் என்று கேளுங்கள். அவர் வள்ளத்தையே மணலில் மேலே ஏற்றி வைத்திருந்தால், கயாக்கை வாகனத்திலிருந்து இறக்க வேண்டாம்.