டியூக் ஆஃப் எடின்பரோ விருது: வெண்கல நிலைக்கு இலக்கு எழுதுவது எப்படி?

1956-ல் இளவரசர் பிலிப் பிரிட்டனில் இளைஞர்களுக்காகத் தொடங்கிவைத்த விருது இது. இந்தியாவில் 'இன்டர்நேஷனல் அவார்டு ஃபார் யங் பீப்பிள்' என்ற பெயரில் நடக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள். 14 வயதானால் முதல் நிலையான வெண்கலத்தில் சேரலாம். இதில் யாரோடும் போட்டி கிடையாது. நீங்கள் எழுதித் தரும் இலக்கைத்தான் உங்களுக்கான அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அதனால் அதை அவசரத்தில் கிறுக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 1: காலத்தைக் கணக்குப் போடுங்கள்

தொண்டு, திறன், உடற்பயிற்சி ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 3 மாதம், வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் கூடுதலாக 3 மாதம் தொடர வேண்டும். நான்காவது பிரிவு, குழுவாகப் போகும் சாகசப் பயணம். அப்படியென்றால் 3 மாதப் பிரிவு ஒன்றுக்கு உங்கள் கையில் இருப்பது சுமார் 13 மணி நேரம்தான். அதற்குள் அடங்காத ஆசையை இலக்காக எழுதாதீர்கள். மிகவும் பிடித்த பிரிவையே 6 மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை நேரத்திலும் விடாமல் செய்வது அதைத்தான்.

படி 2: இன்றைய நிலையை முதலில் எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். 'உடலைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பேன்' என்று எழுதினால், மூன்று மாதம் கழித்து அது நடந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். மூச்சு வாங்கி நிற்கும்வரை ஓடிப்பாருங்கள். 800 மீட்டரில் நின்றுவிட்டீர்களா? அதை அப்படியே எழுதுங்கள்: 'இப்போது நிற்காமல் 800 மீட்டர் ஓடுகிறேன். 13-வது வாரத்தில் நிற்காமல் 2 கிலோமீட்டர் ஓடுவேன்.'

திறனுக்கும் இதே வழிதான். 'சமையல் கற்றுக்கொள்வேன்' என்பது இலக்காகாது. 'இப்போது நூடுல்ஸ் மட்டும் செய்வேன். மூன்று மாத முடிவில் சாதம், சாம்பார், ஒரு பொரியல் மூன்றையும் யார் துணையுமில்லாமல் நாலு பேருக்குச் சமைப்பேன்' என்று எழுதினால், இலக்கை எட்டினீர்களா என்று பார்க்கும் மதிப்பீட்டாளர் ருசி பார்த்தே சொல்லிவிடுவார்.

படி 3: தொண்டில் உங்கள் பொறுப்பை மட்டும் எழுதுங்கள்

'குழந்தைகளின் மதிப்பெண்ணை உயர்த்துவேன்' என்று எழுதாதீர்கள். அந்தக் குழந்தையின் மதிப்பெண் உங்கள் கையில் இல்லை. 'சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இரண்டு குழந்தைகளுக்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டி, அவர்களையும் வாசிக்க வைப்பேன். அவர்கள் தடுமாறிய சொற்களைக் குறித்துவைத்து அடுத்த வாரம் அவற்றிலிருந்தே தொடங்குவேன்' என்பது உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு. அந்தக் குழந்தைகளும் உங்களை நம்பிக் காத்திருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 4: பயண இலக்கைக் குழுவாக எழுதுங்கள்

வெண்கலத்துக்கு 2 பகல், 1 இரவு. குழுவில் 4 முதல் 7 பேர். இங்கே எவ்வளவு தூரம் என்பதைவிட எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதே முக்கியம். 'ஓர் ஓடையை ஒட்டி நடந்து, எங்கெங்கே குப்பை சேர்கிறது என்று வரைபடத்தில் குறிப்போம்' என்பதுபோல் ஒரு நோக்கம் வையுங்கள். உண்மையான பயணத்துக்கு முன் போகும் ஒத்திகைப் பயணம் முடிந்ததும் அதைத் திருத்திக்கொள்ளலாம்.

படி 5: காட்டி ஒப்புதல் வாங்குங்கள்

எழுதியதை மதிப்பீட்டாளரிடமும், விருதுக்கு உங்களை வழிநடத்தும் அவார்டு லீடரிடமும் காட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களை மதிப்பீட்டாளராக வைக்காதீர்கள். அந்தத் துறை தெரிந்த பயிற்சியாளரோ ஆசிரியரோ இருந்தால், இலக்கு பெரிதா சிறிதா என்று பார்த்தவுடன் சொல்வார். ஒப்புதல் கிடைத்த பிறகு பதிவேட்டில் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

வாராவாரம் எழுதும்போது 'பயிற்சி செய்தேன்' என்று முடிக்காமல், '1.2 கிலோமீட்டர் ஓடினேன், விலா வலித்தது, வேகத்தைக் குறைத்ததும் சரியானது' என்று எழுதுங்கள். நடுவில் காய்ச்சல் வந்தோ கால் பிசகியோ இலக்கு எட்டாது என்று தெரிந்தால், கடைசி வாரம்வரை காத்திருக்காமல் உடனே லீடரிடம் பேசி அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.