ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போறீங்களா, மொதல்ல வாட்ஸை இப்படிப் பாருங்க

பாண்டி நேரு வீதில ஆம்ப் பார்க்கப் போனா அட்டப்பெட்டில 5000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு (கண நேரத்துக்கு மட்டும் எட்டுற உச்ச பவராம்) கொட்ட எழுத்துல போட்டிருக்கும், அத நம்பி காசக் குடுத்துடாதீங்க, அதுக்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது. பெட்டிய திருப்பி ஆர்எம்எஸ், அதாவது விடாம குடுக்குற பவர், எவ்ளோன்னு தேடுங்க, கூடவே எத்தன ஓம்ஸ் (ஸ்பீக்கரோட மின்தடை) ஸ்பீக்கர்ல, எத்தன சேனல் (ஸ்பீக்கருக்குப் போற தனித்தனி லைன்) ஓடும்போது, எவ்ளோ டிஎச்டில அளந்ததுன்னும் போட்டிருந்தாதான் அந்த நம்பருக்கு மதிப்பு.

டிஎச்டிங்கறது நாம குடுக்குற சவுண்டுல ஆம்ப் தானா சேக்குற கலப்படம். 10%ல 50 வாட்ஸ்னு போட்டா 1%ல சுமாரா 40தான் தேறும், ஏன்னா 10% வர்றப்போ அலையோட மேல்நுனி கீழ்நுனி ரெண்டும் கத்திரிச்ச மாதிரி தட்டையாயிடும், நாதஸ்வரம் போட்டா காது கிழியும். மஞ்சக்குப்பத்துல அக்கா வளைகாப்புக்கு ஒரு சின்ன ஆம்ப்ப ஃபுல்லா திருகி வச்சோம், மதியத்துக்குள்ள ஸ்பீக்கர்ல கீச்சுக் குரல குடுக்குற ட்வீட்டரோட காயில் கருகிப்போச்சு, இன்னும் மனசு ஆறல.

50க்கு பதிலா 100 வாட்ஸ் வாங்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆவாது, 3 டெசிபல்தான், அதாவது கொஞ்சந்தான் ஏறும், அந்தக் காசுக்கு சென்சிட்டிவிட்டி அதிகமா இருக்குற, அதாவது அதே வாட்ஸுக்கு கூட சத்தம் குடுக்குற ஸ்பீக்கரா எடுங்க.

அப்புறம் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர்ல ஓடுற ஆம்ப் போர்டுன்னா உள்ள வர்றதே 60 வாட்ஸ், அதுலேர்ந்து 200 வாட்ஸ் ஆர்எம்எஸ் வராதுங்க.